4 கிராம் எடுத்தும் 0.1 வராதது ஏன்?

கேள்வி: வேதியியல் பட்டப்படிப்பில் முதலாண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு 4.00 கிராம் எடைபோட்டு 1 லிட்டர் கரைசலாக்கினேன். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) வர வேண்டியது, டைட்ரேஷனில் (அமிலத்தோடு சொட்டுச்சொட்டாக வினைபுரியவிட்டுச் செறிவை அளக்கும் முறை) 0.094தான் வந்தது. எங்கே தவறு? எல்லாவற்றையும் கருவியே அளந்துவிடும்போது இந்தப் பயிற்சி எதற்கு?

பதில்: எடைபோட்டதில் தவறில்லை. பாட்டிலைத் திறந்ததுமே சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கத் தொடங்கும். வாட்ச் கிளாசில் அவை பளபளத்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தராசு காட்டிய 4 கிராமில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கார்பனேட். அதனால்தான் காரத்தை உத்தேசமாகக் கரைத்துவிட்டு, செறிவைப் பிறகு கண்டுபிடிக்கிறோம். துல்லியமாக எடைபோடக்கூடிய திண்ம அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவிட்டு, 0.5106 கிராம் எடுத்துக் கூம்புக் குடுவையில் தண்ணீரில் கரைத்து, பியூரெட்டிலிருந்து (அளவுக் கோடுகளும் திருகும் உள்ள கண்ணாடிக் குழல்) காரத்தை இறக்குங்கள். 0.1 மோலார் காரம் என்றால் 25.00 மில்லி இறங்கும், உங்களுடையது 26.60 இறங்கும்.

ஆனால் இதே குறைவு வேறு வழிகளிலும் வரும். அவற்றைப் பிரித்தறியும் கண்தான் இந்தப் படிப்பின் பெரிய சொத்து. மூன்று முறை கிடைத்த செறிவுகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 0.0940, 0.0941, 0.0939 என்று ஒத்துப்போனால் குறை கரைசலில்தான். ஒன்று மட்டும் 0.093க்குக் கீழே போனால், பியூரெட் நுனியில் நின்ற காற்றுக்குமிழி நடுவில் வெளியேறியிருக்கலாம். அல்லது நிறம் மாறும் புள்ளியைத் தாண்டியிருப்பீர்கள். வெளிறிய இளஞ்சிவப்பு 30 நொடி நின்றால் போதும், அதன்பின் மங்கினால் இன்னொரு சொட்டு விடாதீர்கள், அது காற்றின் வேலை. 0.092, 0.093, 0.094 என்று படிப்படியாக ஏறினால், கழுவிய தண்ணீர் பியூரெட்டில் தங்கியிருக்கிறது. காரக் கரைசலாலேயே 5 மில்லி வீதம் இருமுறை அலசியிருக்க வேண்டும். கூம்புக் குடுவையில் தண்ணீர் தங்கினால் கெடுதல் இல்லை. உள்ளிருக்கும் அமிலத்தின் மோல் எண்ணிக்கை மாறாது.

கருவி விஷயத்துக்கு வருவோம். ஆட்டோ டைட்ரேட்டரின் (டைட்ரேஷனைத் தானே செய்யும் கருவி) குழாயிலும் குமிழி நிற்கும். செறிவு தெரிந்ததாக நம்பிப் பயன்படுத்தும் திட்டக் கரைசல் 6 சதவீதம் பிசகியிருந்தால், கருவி அதே பிசகை நான்கு தசம இடங்களோடு அச்சிட்டுத் தரும். மருந்துத் தரக் கட்டுப்பாட்டிலும் தண்ணீர்ப் பரிசோதனையிலும் அதைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்தான் தேவை.

இன்றே ஒரு பழக்கம் தொடங்குங்கள். நோட்டில் 26.6 என்று எழுதாமல் 26.60 என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யமும் நீங்கள் பார்த்து எடுத்த அளவுதான். தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள்.