திரையில் சரியாகத் தெரியும் மாடல் 3டி பிரிண்டில் ஏன் சொதப்புகிறது?

நாகர்கோவிலில் சின்னதாக ஒரு 3டி பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது எங்கள் கடைக்கு வரும் கோப்புகளில் தினமும் பார்க்கிற சிக்கல்தான்.

கணினியில் வரையும்போது அது கெட்டியான பொருள். பிரிண்டுக்கு அனுப்பும் எஸ்டிஎல் (STL) கோப்பாக மாற்றியதும் வெறும் முக்கோணங்களால் ஆன தோல். அந்தத் தோலில் ஓட்டை இருந்தாலோ, ஒரு முக்கோணம் உள்வெளி மாறித் திரும்பியிருந்தாலோ, எது உள்ளே எது வெளியே என்று ஸ்லைசர், அதாவது மாடலை அடுக்கடுக்காக வெட்டி பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள், குழம்பிவிடும். ஸ்லைசரிலேயே ரிப்பேர் செய்யலாம்தான். ஆனால் ஓட்டையை அது எப்படி மூடும் என்பது நம் கையில் இல்லை. மூல வரைபடத்துக்கே போய்த் திருத்துங்கள்.

அப்புறம் அளவு. எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை ஸ்லைசர் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும். முடிந்தால் 3எம்எஃப் (3MF) கோப்பாகச் சேமியுங்கள், அதில் அலகும் சேர்ந்தே வரும்.

போன மாசியில், ரப்பர் துளிர்த்துத் தேன் எடுக்கும் நேரம், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். தேன் எடுக்கும் மெஷினின் மேலே, தேன் படாத இடத்தில் இருக்கும் பல்சக்கரம் உடைந்துவிட்டது. அவர் மகள் அழகாக வரைந்து கொடுத்திருந்தாள். தண்டு 12 மி.மீ., துளையும் 12 மி.மீ. பிரிண்ட் எடுத்து, வெர்னியர் அளவுகோல் வைத்துத் துளையை அளந்தால் 11.7. தண்டு நுழையவே இல்லை. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், துளையின் வட்டமும் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். அதனால் துளை எப்போதும் கொஞ்சம் சிறுத்தே வரும். எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். முழுப் பொருளையும் அடிப்பதற்கு முன் 12.1, 12.2, 12.3, 12.4 என்று நான்கு துளைகள் போட்ட மெல்லிய தகடு ஒன்றை அடித்து, அசல் தண்டையே செருகிப் பாருங்கள். எங்களுக்கு 12.3 சரியாக உட்கார்ந்தது.

கைப்பிடி மாட்டும் குச்சியையும் அதே சக்கரத்தில் நிமிர்த்தி வரைந்திருந்தாள். முதல் சுற்றிலேயே அடியோடு முறிந்தது. பிரிண்டர் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் லேயரும் லேயரும் ஒட்டும் இடம்தான் எப்போதும் பலவீனம், விசை அதைப் பிரிக்கும் திசையில் வரக் கூடாது. அந்தக் குச்சியை எடுத்துவிட்டு, துளை போட்டு, 6 மி.மீ. ஸ்டீல் போல்ட் மாட்டினோம். பற்களின் அடியிலும் ஃபில்லட் கொடுத்து, அதாவது மூலையை வளைவாக்கி, வரைந்தோம்.

சுவர் கனத்தை, பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசிலின் அளவுக்கு ஏற்ப வையுங்கள். 0.4 மி.மீ. நாசில் என்றால் 0.8 அல்லது 1.2 நல்லது, 0.5 தொல்லை. செங்குத்திலிருந்து 45 டிகிரியைத் தாண்டித் தொங்கும் பகுதிக்குக் கீழே தாங்க சப்போர்ட் வேண்டியிருக்கும், பல சமயம் மாடலைத் திருப்பிப் படுக்க வைத்தாலே அந்தத் தேவை போய்விடும். குளச்சல் மீன்பிடி வள்ளத்தில் வெயிலில் கிடக்கப்போகிற பொருளா? பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் எடுங்கள். நம் ஊர் மழை ஈரத்துக்கு அந்த பிளாஸ்டிக் இழைச் சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.