வீடு அவர் பெயரில், நான் எங்கே போவேன்?

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. என் சம்பளத்தைக் கணவர் வாங்கிக்கொள்கிறார், கேட்டால் அடிக்கிறார். புகார் கொடுத்தால் வீட்டைவிட்டுத் துரத்துவாராம். வீடு அவர் பெயரில். அம்மாவோ ‘பொறுத்துப் போ’ என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள், சகோதரி. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளத்தைப் பறிப்பதும் இச்சட்டத்தில் பொருளாதார வன்முறைதான்.

காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. இச்சட்டத்தின் கீழ் அரசு நியமித்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மருத்துவமனையில் காயம் எப்படி வந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். கணவரைக் காப்பாற்ற ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்ன பெண்களுக்காக வாதாடியிருக்கிறேன். அந்த ஒரு வரி அவர்களை எவ்வளவு அலைக்கழித்தது தெரியுமா!

அம்மா மீது கோபம் வேண்டாம். திரும்பி வந்த மகளை நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. அடிப்பவருக்குத் தைரியம் தருவதே அந்தப் பயம்தான். அலுவலரைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவரே கேட்கட்டும். வழக்கறிஞர் செலவு பற்றியும் கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம்.