கெழுவன் எதை மொணத்தினான்?

வணக்கம் ஐயா. நான் ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கு என் பிள்ளைகள் பிழையில்லாமல் விடை எழுதுகிறார்கள். கதையைச் சொல் என்றால் விழிக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு எத்தனை கேள்வி கேட்கலாம்? நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தல் வரை கேள்விகளை அடுக்கும் ப்ளூம் படிநிலைப்படிதான் தயாரிக்க வேண்டுமா? செல்போன்தான் காரணமோ?

கி.

அன்புள்ள கி.,

செல்போனை விடுங்கள். அது வராத காலத்திலும் பிள்ளைகள் இப்படித்தான் விழித்தார்கள். ப்ளூம் படிநிலை பாடக்குறிப்பேட்டை நிரப்ப உதவும்.

இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: 'கெழுவன் திம்பாரில் நுளப்பையை மொணத்தினான்.' கெழுவன் எதை மொணத்தினான்? நுளப்பையை. எங்கே? திம்பாரில். யார் மொணத்தியது? கெழுவன். மூன்றுக்கு மூன்று மதிப்பெண். ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. தமிழில் வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'எதை' என்றால் 'ஐ' ஒட்டிய சொல்லைப் பிடி, 'எங்கே' என்றால் 'இல்' ஒட்டியதைப் பிடி. உங்கள் பிள்ளைகள் வாசிக்கவில்லை, உருபு தேடுகிறார்கள். அதற்குச் சிவப்பு மையில் 'நன்று' போட்டு வளர்த்தது யார்? கோபப்படாதீர்கள். விழிக்கிறார்கள் என்று கவனித்தீர்களே, அதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொன்று: 'அம்மா குடையை நீட்டினாள். கண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவன் புத்தகங்கள் முற்றத்தில் காய்ந்தன.'

'எங்கே வைத்தான்?' வீண் கேள்வி. 'அதை என்றால் எதை?' என்று கட்டாயம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பது வானம் என்பதால் 'வானத்தை' என்று சொல்லும் பிள்ளை நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வரிகள் எதுவும் ஒட்டாது. பிறகு, 'அவன் கிளம்பும்போது வானம் எப்படி இருந்திருக்கும்?', 'திரும்புவதற்குள் என்ன நடந்தது?' மழை என்ற சொல்லே பத்தியில் இல்லை. இரண்டு வரிகளைச் சேர்த்தால்தான் விடை வரும். சரியாகச் சொன்னாலும் விடாதீர்கள்: 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' இதைக் கேட்காவிட்டால் குருட்டடிக்கும் புரிதலுக்கும் வேறுபாடு தெரியாது. 'மழையில் நனையப் பிடிக்குமா?' மாதிரி கேள்விகளுக்குப் பத்தியைப் பார்க்காதவனும் பதில் சொல்வான். சிந்தனையைத் தூண்டுகிறதாம்!

கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ 1 நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். முன்பெஞ்சுக் கை உயர்ந்ததும் பெயரைக் கூப்பிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

எத்தனை கேள்வி என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நான்கு போதும். அறுவகை வினா நடத்துவீர்களே, அதில் நாம் வகுப்பில் கேட்பதெல்லாம் அறிவினா, அதாவது விடை தெரிந்துகொண்டே கேட்பது. மூன்றை நீங்கள் கேளுங்கள். நான்காவதைப் பிள்ளைகள் தங்கள் அறியா வினாவாக, விடை தெரியாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கட்டும், விடை ஒரே வரியில் கிடைத்தால் செல்லாது என்ற நிபந்தனையோடு. முதலில் எல்லாம் 'எங்கே', 'எப்போது' என்றே வரும். திருப்பிக் கொடுங்கள்.