பங்குனியில் மதுரைப் பக்கம் முதுகுப்பையோடு நடக்க எந்தப் பாதை நல்லது?

கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதையை வசந்தகாலத்தில் பகுதி பகுதியாக நடக்கிறார்களே, அதுபோல மதுரைப் பக்கம் இரண்டு மூன்று நாள் நடக்க இடம் உண்டா, அதற்கு மலைக்குத்தான் போகணுமா?

நீங்கள் வேலைக்குப் போகிறவர், வார இறுதியோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போடுவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று: பங்குனியில் மலைக்காட்டுக்குள் போகாதீர்கள். அமெரிக்காவில் வசந்தம் என்றால் பனி உருகித் தளிர் விடும் காலம். நமக்கு அது மலைப்புல் சருகாகக் கிடக்கும் தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது காரணமில்லாமல் இல்லை. தெரிந்தவர் ரகசியமாகக் கூட்டிப் போகிறேன் என்றாலும் வேண்டாம்.

நீங்கள் நடக்க வேண்டியது பழனிக்குப் பாதயாத்திரை போகிற பாதை. முழுசாக வேண்டாம். ஆரப்பாளையத்தில் பழனி பஸ் ஏறி செம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி வழியாக நடங்கள். சுமார் 60 கி.மீ. வரும்.

"ரோட்டுல நடக்கிறதெல்லாம் ட்ரெக்கிங்கா?" என்று யாராவது கேட்பார்கள். நானும் என் மதினியும் போய்வந்த பிறகு சொந்தக்காரர்களே கேட்டார்கள். இன்னொரு பக்கம், "வீட்டு வாசல்லருந்து நடக்காம பாதியில பஸ்ஸ விட்டு எறங்குனா முருகன் கணக்குல சேருமா?" என்றார்கள். அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கி.மீ. அதில் ஒரு துண்டை மட்டும் நடந்தவரை யாரும் நடக்கவில்லை என்று சொல்வதில்லை. நேர்த்திக்கடன் வைத்து மதுரையிலிருந்து வெறுங்காலோடு நடப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடந்த தூரம் நடந்ததுதான்.

அந்தப் பாதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் மலை. செம்பட்டியிலிருந்து பழனி வரைக்கும் கொடைக்கானல் மலை இடதுகைப் பக்கமே கூட வரும். விடியுமுன் கிளம்பினால் முதலில் கறுப்பாக ஒரு சுவர் மாதிரி தெரியும், அப்புறம் நீலமாகும், வெயில் ஏறியதும் மடிப்பு மடிப்பாகப் பிரியும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் சாலை மேற்கே திரும்புகிறது. காலை வெயில் முதுகில்தான் விழும், ஆனால் சாயங்காலம் கண்ணைக் கூசும். அதனால் அந்தப் பகுதியைக் காலையிலேயே முடிக்கப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் தார் ரோடு கொதிக்கும், நிழலில் படுத்துவிடுங்கள். விருப்பாச்சியில் கொஞ்சம் நின்று போங்கள். கணவரைப் போரில் இழந்த வேலு நாச்சியார், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரிடம் அடைக்கலமாக வந்த ஊர் அது. அந்த ஊர் மலைவாழைப்பழம் இரண்டு தின்றால் ஒரு நேரப் பசி அடங்கும்.

தைப்பூசத்துக்கு இந்தப் பாதையில் கூட்டம் நெரியும், வழியெல்லாம் அன்னதானம் இருக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக்காவடி எடுத்து வருகிற கொங்குப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். நம் பக்கம் அவ்வளவு நெரிசல் இல்லை. அதனால் தண்ணீரும் புளிச்சோறும் நீங்களே சுமக்க வேண்டும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் ராத்தங்க ஒரு லாட்ஜில் ரூம் கேட்டோம். ரூம் இருந்தது. ஆதார் அட்டையை நீட்டினோம். "கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா? அப்ப குடுக்கறதில்ல" என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பையன்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதுகாப்புக்காகச் சொல்கிறார் என்று வாதாட வருபவர்களுக்கு: ராத்திரி எட்டரைக்கு இரண்டு பெண்களைத் தெருவில் நிறுத்துவது எந்த ஊர்ப் பாதுகாப்பு? எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா, "அவுகளுக்கென்ன, நீங்க வாங்க தாயி" என்று தன் வீட்டில் பாய் விரித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நீங்கள் பெண்ணாக இருந்தால் தங்குமிடத்தை முன்கூட்டியே போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பையைச் சின்னதாக வையுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், பழகிய செருப்பே போதும். தொடை உரசாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய், குடிக்க உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். இருட்டில் நடப்பதால் பைக்குப் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, வண்டி எதிரே வருவது தெரிகிற மாதிரி நடங்கள். உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். உத்திரத்தன்று பழனியிலிருந்து மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.