விளையாட்டு கேள்வி-பதில்: இயன் ரைட் வீட்டுக் கணக்கு

கே: இங்கிலாந்துக் காற்பந்துக் குழுவான ஆர்சனலுக்காக இயன் ரைட் போட்ட கோல்கள் 185 என்று அலுவலகப் புதிர்ப்போட்டியில் சொன்னேன். நடத்தியவரோ 128 என்கிறார். யார் சொல்வது சரி? (ஈசூன் வாசகர்)

ப: இருவரும் சரி, கேள்விதான் அரைகுறை. 185 எல்லாப் போட்டிகளையும் சேர்த்து. 128 லீக்கில் மட்டும். 1997 செப்டம்பர் 13ஆம் தேதி போல்ட்டனுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஆர்சனலின் பழைய சாதனையாளர் கிளிஃப் பாஸ்டினின் 178ஐத் தாண்டினாரே, அது எல்லாப் போட்டிகளும் சேர்ந்த கணக்கு. பாஸ்டினின் லீக் எண்ணிக்கை 150. அதை ரைட் எட்டவில்லை. இன்னொரு இடத்திலும் பலர் வழுக்குவார்கள். 1991-92இல் அவர் போட்ட 29 லீக் கோல்களில் ஐந்து அவருடைய பழைய குழு கிறிஸ்டல் பேலஸுக்கு. செப்டம்பரில் 25 லட்சம் பவுண்டுக்கு மாறிய பிறகு போட்ட 24தான் ஆர்சனல் கணக்கில் வரும்.

கே: ரைட்டின் பிள்ளைகள் ஷான், பிராட்லி இருவரில் யார் அப்பாவைப் போல? (பிடோக்)

ப: ஷான் ரைட்-ஃபிலிப்ஸ் தத்துப்பிள்ளை, பிராட்லி பெற்ற பிள்ளை, தாய் ஒருவரே. ஷான் ஓரத்தில் பறக்கும் ஆட்டக்காரர், இங்கிலாந்துக்கு 36 ஆட்டம். கோலை மோப்பம் பிடிக்கும் மூக்கு பிராட்லிக்குத்தான். நியூயார்க் ரெட் புல்ஸுக்கு 2014இல் ஒரே பருவத்தில் 27 லீக் கோல். அவருடைய 99ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று குழு எடுத்து வைத்துவிட்டது. இங்கிலாந்தின் முதன்மைக் குழு மட்டும் அவரை ஒருமுறைகூட ஆடவிடவில்லை. ஷானின் மகன் டிமார்ஜியோவும் ஆட்டக்காரர்தான்.

கே: 14 வயது மகனைக் குள்ளம் என்று பயிற்சிக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவ்வளவுதானா? (உட்லண்ட்ஸ்)

ப: ஷானையும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அப்படித்தான் விட்டது. 2005இல் செல்சி அவருக்கு 2.1 கோடி பவுண்டு கொடுத்தது. இயன் ரைட்டோ தேர்வுகளில் தோற்று, ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்து ஆடி, 1985இல் பேலஸில் சேரும்போது 22 வயதை நெருங்கிவிட்டார்.

முதலில் மகன் பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கினால், நவம்பர் பிள்ளை தன்னைவிடப் பத்து மாதம் மூத்தவனோடு மோதுகிறான். 13, 14 வயதில் அந்தப் பத்து மாதம் தோளிலும் தொடையிலும் தெரியும். பயிற்றுநர் அதைத் திறமை என்று எண்ணிவிடுவதுண்டு. வளர்ச்சி வரும்வரை ஆட்டம் விட்டுப்போகக் கூடாது. ஐவர் ஆட்டம் நல்லது, பந்து அடிக்கடி காலுக்கு வரும். தினம் 15 நிமிடம் சுவரில் உதைத்து, திரும்பி வருவதை இடது காலால் பாதி, வலது காலால் பாதி நிறுத்தட்டும். புளோக்கின் கீழ்த்தளச் சுவர் வேண்டாம், அபராதம் வரும். ஆறு மாதம் கழித்து வேறு குழுவில் முயலுங்கள்.

கே: ரைட்டை இப்போது பிபிசியின் 'மேட்ச் ஆஃப் த டே' காற்பந்து நிகழ்ச்சியில் காணோமே? (தெம்பனிஸ்)

ப: 2023-24 பருவத்தோடு அதிலிருந்து விலகினார். 2008இலும் ஒருமுறை பிபிசியை விட்டுப் போனவர்தான். தன்னைக் கோமாளியாகவே வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதைய மனக்குறை.

கே: நம் ஊரில் இப்படி ஒரு வீடு? (செங்காங்)

ப: சிங்கப்பூரின் முன்னாள் காற்பந்து நட்சத்திரம் ஃபாண்டி அகமது வீடு. தந்தை அகமது வார்த்தாம் கோல்காப்பாளர். பிள்ளைகள் இர்ஃபான், இக்சான், இல்ஹான் மூவரும் தேசியக் குழுவுக்கு ஆடியவர்கள். மகள் இமான் பாட்டுப் பக்கம் போய்விட்டார்.