டொராண்டோ எவ்வளவு தூரம் என்று கேட்ட தம்பிக்கு

சென்னையிலிருந்து டொராண்டோ எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் மலிவாக வருகிறதே, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் படிக்க வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தூரம் நேராக அளந்தால் சுமார் 13,400 கிலோமீட்டர். அந்தக் கோடு ஆர்க்டிக் பக்கமாகப் போகிறது. அப்படி நேரே பறக்கும் விமானம் இல்லை. துபாய் வழி என்றால் நாலு மணி நேரம், அப்புறம் பதினாலு. பிராங்பர்ட் வழி என்றால் பத்து, அப்புறம் எட்டரை. இந்த இரண்டில் எப்படி வந்தாலும் 14,000 கிலோமீட்டரை ஒட்டித்தான். இதற்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இரண்டு டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள். ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது விமானக்காரருக்கு உங்கள் தாமதம் சம்பந்தமே இல்லாத விஷயம். மலிவு என்று அமெரிக்கா வழியாக எடுத்துவிடாதீர்கள்; அங்கே விமானம் மாறுவதற்கே நமக்கு விசா வேண்டும். ஸ்டடி பெர்மிட் (கனடாவில் படிப்பதற்கான அனுமதி) ஒப்புதல் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள். இமிகிரேஷனில் அதைக் கேட்கும்போது பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்காது.

2004 ஜனவரியில் நான் ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு டிக்கெட்டில் வந்தேன். இரண்டாவது விமானம் போய்விட்டது. கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தில் புது டிக்கெட் வாங்கி, ஒரு நாள் முழுக்க நாற்காலியில் கிடந்தேன். டொராண்டோவில் இறங்கியபோது, என்னை அழைத்துப்போக வந்த சீனியர் முந்தின நாளே காத்திருந்து திரும்பியிருந்தார். வெளியே மைனஸ் இருபது. டாக்ஸிக்காரர் என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த உடுப்போடயே வெளிக்கிட்டனீங்கள்?" என்று தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர். நம் ஊர்க்காரர்கள் சிலர் இங்கே ஈழத் தமிழர்களோடு ஒட்டாமலே இருப்பார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நமக்கு முருங்கைக்காயும் கோயிலும் கிடைப்பது பெரும்பாலும் அவர்கள் உழைப்பில்தான். முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். இப்போதெல்லாம் விடியற்காலையில் வாசல் பனியைத் தள்ளிவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

அந்த டாக்ஸியில் அவருடைய செல்போனிலிருந்துதான் வீட்டுக்குப் பேசினேன். இங்கே மாலை நாலு, ஊரில் இரவு இரண்டரை. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். நான் வந்து சேரும் நேரத்தை எழுதிக் கொடுத்த தாளில் டொராண்டோ நேரம் மட்டும் இருந்திருக்கிறது. அதை ஊர் நேரம் என்று நினைத்து, தாமதமான அந்த ஒரு நாளுக்கு மேல் இன்னும் பத்தரை மணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எழுதிக் கொடுக்கும்போது இந்திய நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.