திங்கட்கிழமை அலுவலகத்தில் என்ன பேசுவது?

தம்பி, நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் இந்த 2022 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு காலேஜ் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றதற்கு நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் என்ன பேசுவது, பக்கத்து இருக்கைக்காரர் வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் நீட்டுகிறாரே, போகலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வந்த புதிதில் இதே மாதிரி ஒரு திங்கட்கிழமை, என் மேலாளரிடம் "விடுங்கள் சார், படிக்கிற பசங்க விளையாட்டுதானே" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். இரண்டு நாள் வேலை விஷயத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

இந்த மாநிலத்தில் தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல் அணி கிடையாது, தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏ அணி கிடையாது. இருப்பது நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியான ஹஸ்கர்ஸ் ஒன்றுதான். பெயருக்கே சோளக்கதிர் உரிப்பவர்கள் என்றுதான் அர்த்தம். 1970, 71, 94, 95, 97 என்று ஐந்து முறை நாட்டிலேயே முதலிடம் பிடித்த அணி. 1962 முதல் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுவிட்டதாகக் கணக்கு. (போன வருடம் மிச்சமிருந்ததை வசதியானவர்கள் வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கணக்கைக் காப்பாற்றினார்கள். அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.)

ஆனால் பழைய பெருமை போனதால் மட்டும் வந்த துக்கம் இல்லை இது. போன வருடம் தோற்ற விதத்தைப் பாருங்கள். 2021-இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்றுகூட 9 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் இல்லை. மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 3 புள்ளி, மிச்சிகனிடம் 3, பர்டூவிடம் 5. வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நம்மவர்கள் எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளியைவிட 63 அதிகம்! அடித்து நொறுக்கியிருந்தால் மனசு ஆறிவிடும். இது வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போன கதை.

அந்த நவம்பரில் அயோவா ஆட்டத்துக்குப் போயிருந்தேன், நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். என் பக்கத்தில் ஒரு வயதான விவசாயியும் அவர் மனைவியும். கண்ணெதிரே ஆட்டம் நடக்கிறது, மனுஷர் காதில் ரேடியோ. கேட்டால், பழக்கம் என்றார். 21–6 என்று முன்னே இருந்தோம். அப்புறம், நம்மவன் உதைத்த பந்தை அயோவாக்காரன் ஒருவன் பாய்ந்து தடுக்க, இன்னொருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டான். மைதானமே அடங்கிப்போனது. தாத்தா காதிலிருந்து ஒயரைக் கழற்றி, விரலில் மெதுவாகச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். மீதி ஆட்டத்தை ரேடியோ இல்லாமல்தான் பார்த்தார். பாட்டி ஒரு டப்பாவைத் திறந்து இலவங்கப்பட்டை ரோல் ஒன்றை எனக்கும் நீட்டினார். 28–21, தோல்வி. ஒருவரும் பயிற்சியாளரைத் திட்டவில்லை.

திட்டாததற்கும் காரணம் உண்டு. பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் வீட்டுப் பிள்ளை. இந்த மாநிலத்தின் வுட் ரிவரில் வளர்ந்தவர், 1997-இல் முதலிடம் வந்த அணியில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக். 2017-இல் ஃப்ளோரிடாவில் ஓர் அணியை ஒரு தோல்விகூட இல்லாமல் நடத்திவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டாடித் தீர்த்தார்கள். இந்த ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 11 புள்ளி முன்னே இருக்கும்போது, தேவையே இல்லாமல், குட்டையாக உதைத்துப் பந்தை மறுபடி தாங்களே பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் கிக் அடிக்கச் சொல்லி ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அப்படியும் பொறுத்தார்கள். போன சனிக்கிழமை, காசு கொடுத்து விருந்தாளியாக வரவழைத்த சின்ன அணி ஜார்ஜியா சதர்ன் கடைசி 36 விநாடி இருக்கையில் டச்டவுன் போட்டு 45–42 என்று ஜெயித்துவிட்டுப் போனது. மறுநாள் ஞாயிறு அவரை நீக்கிவிட்டார்கள். ஐந்தாவது வருடம், 16 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் நீக்கியதற்காக அவருக்குத் தர வேண்டிய 15 மில்லியன் டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று வாரம்கூடத் தாங்க முடியாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சரிதான், ஆனால் இதை அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள்.

ஆக நீங்கள் பார்த்தது ஆட்டம் தோற்ற துக்கம் இல்லை, சொந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிய துக்கம். அவர்கள் திட்டலாம், நாம் திட்டக்கூடாது. "அப்போதே தெரியுமே" என்பார் ஒருவர், "பாவம்" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் தலையாட்டுங்கள். துக்கம் கேட்கப் போனால் நாம் என்ன பிரசங்கமா செய்கிறோம்? "கஷ்டமான வாரம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள், போதும்.

டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். வருவது ஒக்லஹோமா, பழைய பங்காளிப் பகை. 1971-இல் அவர்கள் ஊரிலேயே 35–31 என்று நாம் ஜெயித்த ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். நீட்டியவர் காசு வாங்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆட்டம் காலை 11 மணிக்கு, எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். காரை மைதானத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். சிவப்புச் சட்டை கட்டாயம், ஆனால் அரக்குச் சிவப்பு வேண்டாம், அது எதிராளி நிறம். ரன்ஸா என்று ஒரு பன் கிடைக்கும், உள்ளே மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும். சாப்பிடுவீர்களா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், சுடச்சுடக் கையில் திணித்துவிடுவார்கள். முதல் புள்ளி எடுத்ததும் ஆயிரக்கணக்கில் சிவப்புப் பலூன் பறக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஹீலியம் தட்டுப்பாட்டால் இந்த வருடம் அது இல்லை.

தோற்றாலும் பாதியில் எழுந்து வராதீர்கள். டிக்கெட் கொடுத்தவர் கிளம்பும்போது நீங்களும் கிளம்புங்கள். பக்கத்தில் ரேடியோத் தாத்தா யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.